'டேக்'குக்கு மூன்று சாட்சி

அவருடைய பெயரை நான் சரியாகச் சொன்னதே கிடையாது. முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். "நோ" என்றார். மறுநாள் சொன்னேன். அதற்கும் "நோ." சீனத்தில் ஒரே எழுத்தை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்றாம். நம்ம ஆளாயிருந்தால் முதல் தடவையே "கரெக்ட், கரெக்ட்" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பான். பாவம், கஷ்டப்படுகிறானே என்று ஒரு இரக்கம் இருக்குமில்லையா? இந்த மனுஷனிடம் அதெல்லாம் செல்லாது. மூன்று வாரம் தினமும் காலையில் குட் மார்னிங் சொல்லி, கூடவே அவர் பெயரையும் சொல்வேன். அவரும் மரியாதையாகத் தலை குனிந்து "குட் மார்னிங். நோ" என்பார். நாலாவது வாரம் எனக்கே அலுத்துப்போய் "மாஸ்டர்" என்று கூப்பிட்டேன். அதற்கு மட்டும் "எஸ்" வந்தது.

இது துபாய்ப் பக்கம் புஜைராவில். எண்ணெய் சேமிக்கிற பெரிய பெரிய தொட்டிகள் கட்டுகிற சைட். ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள். எங்கள் கம்பெனி சீனாக்காரர்களுடையது. கூலிக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம். நான் பெர்மிட் கிளார்க். இன்றைக்கு எந்தத் தொட்டிக்குள் யார் இறங்கலாம், எத்தனை மணி வரைக்கும் என்று தாள் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது வேலை. அதற்கு மேல் எனக்கு இன்னொரு பதவியும் இருந்தது: சைட்டுக்கே நான்தான் இங்கிலீஷ்காரன். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். அதில் ரெண்டு பேப்பர் இன்னும் அரியர் கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பதவிக்கான வேலை காலை ஆறு மணிக்கு. டூல்பாக்ஸ் டாக் என்பார்கள். வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து, இன்றைக்கு எங்கே என்ன ஆபத்து, என்ன செய்யவேண்டும், செய்யக்கூடாது என்று சொல்கிற பத்து நிமிஷம். சொல்கிறவர் எங்களுக்கு காண்ட்ராக்ட் கொடுத்த எண்ணெய்க் கம்பெனியின் சேஃப்டி இன்ஜினியர், ஒரு வெள்ளைக்காரர். அவர் இங்கிலீஷில் சொல்லி நிறுத்துவார். நான் அதைத் தமிழிலும் இந்தியிலும் நாற்பது பேருக்கு எடுத்துச் சொல்வேன். முன்வரிசையில் செல்லத்துரை அண்ணன் நிற்பார். தொட்டிக்குள் முதலில் இறங்குகிற கும்பலுக்கு அவர்தான் ஃபோர்மேன். நான் சொல்லி முடித்ததும் "சரிப்பா" என்று முதல் கையெழுத்தைப் போடுவார். அப்புறம் மளமளவென்று நாற்பதும் விழும்.

மாஸ்டரின் கதை வேறு. இருபத்தெட்டு வருஷம் வெல்டிங் பிடித்தவர். ஒரு இணைப்பைச் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, எங்கே கோளாறு என்று விரல் வைத்துக் காட்டுவார். அவ்வளவு நெருப்பைப் பார்த்ததில் கண் கெட்டுப்போய்விட்டது. இனி வெல்டிங் கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு கம்பெனி அவரை சூப்பர்வைசராகப் போட்டு இங்கே அனுப்பியிருந்தது. ஆனால் எண்ணெய்க் கம்பெனி அப்ரூவல் தரவேண்டும். அதற்கு அந்த வெள்ளைக்காரர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்லவேண்டும். மூன்று தடவை வாய்ப்பு. மூன்றும் போனால் ஊருக்கு டிக்கெட். ஊரில் போய் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கண்ணைக் காட்டினார், கையை விரித்தார். அவ்வளவுதான் பதில்.

என்னிடம் வரும்போதே முதல் வாய்ப்பு போயிருந்தது. கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. கேள்வியே புரியவில்லை என்று ஏழு தடவை சொல்லியிருக்கிறார். ஏழாவது தடவை வெள்ளைக்காரர் தாளை மூடிவிட்டார். அந்தப் பேச்சில் 'டேக்' என்ற ஒரு வார்த்தை மட்டும் ஒன்பது தடவை வந்ததாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேலை செய்ததாம். ஆகவே முதலில் டேக்கை முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம் என்று மாஸ்டர் முடிவு செய்து, ஒரு நீல நோட்டோடு என் கேபினுக்கு வந்தார். என்னை "டீச்சர்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இல்லையென்று ஏன் சொல்லவேண்டும்?

வெயில் காலத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெளியில் வேலை செய்யக்கூடாது, சட்டம். அந்த நேரம் எல்லோரும் ஏசி கேபினில் நீட்டிப் படுத்துவிடுவார்கள். நாங்கள் ரெண்டு பேரும் டேக்கோடு உட்கார்ந்திருப்போம். துண்டு துண்டான இங்கிலீஷும் கைஜாடையுமாக அவர் சொன்ன முதல் புகாரே நியாயமாக இருந்தது. அவர்கள் பாஷையில் பஸ்ஸில் போவதற்கு 'உட்கார்' என்று சொல்வார்களாம். மருந்துக்குச் 'சாப்பிடு.' போட்டோவுக்குத் 'தட்டு.' காய்ச்சல் பார்ப்பதற்கு 'அள.' நேரம் ஆவதற்குச் 'செலவழி.' ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறோம், இங்கிலீஷ்காரன் பஸ்ஸுக்கும் டேக், மாத்திரைக்கும் டேக், போட்டோவுக்கும் டேக், காய்ச்சலுக்கும் டேக் என்கிறானே, அவ்வளவு பெரிய நாட்டில் வார்த்தைக்கு என்ன பஞ்சம் என்று கேட்டார். நான் இங்கிலீஷ்காரன் சார்பில் மன்னிப்புக் கேட்காத குறைதான்.

சொல்லிக் கொடுத்ததை எழுதிக்கொண்டு போகிற மாணவராக இருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு அர்த்தத்தை நான் சொன்னால் பென்சிலில் எழுதுவார். மூன்று வேறு வேறு நாட்டு ஆட்கள், இவர் கேட்காமல், தானாக வாயைத் திறந்து அந்த அர்த்தத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிக் காதில் விழுந்தால்தான் அதன் மேல் பேனா ஓட்டுவார். பேனா ஓடாத அர்த்தத்தை அவர் வாயால் சொல்லமாட்டார். வெல்டிங்கில் அப்படித்தானாம், ஒரு இணைப்பை மூன்று விதமாகச் சோதித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்து வைக்கமாட்டார்களாம். "மாஸ்டர், நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்றேன் கொஞ்சம் ரோஷத்தோடு. "டீச்சர் ஒரு சாட்சி" என்றார். ஒரு பி.ஏ.வுக்கு இதுதான் மதிப்பு.

போனில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போன் கொண்டுபோக அனுமதி இல்லை, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரூமில் போன் உண்டு, ஆனால் அது ரொம்ப வேகமாகப் பதில் சொல்கிறது, அதனால் நம்பமுடியாது என்பது மாஸ்டர் கட்சி.

அதனால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். சாப்பாட்டு மேஜையில், பஸ்ஸில், கேட்டில், எங்கேயாவது எவனாவது டேக் என்றால் போதும், சட்டைப் பையிலிருந்து நோட்டு வெளியே வந்துவிடும். சொன்னவனைப் பார்த்து "யுவர் கன்ட்ரி?" என்று கேட்பார். ஒரு நேபாளி செக்யூரிட்டி, "டேக் ரெஸ்ட் பாய்" என்று அன்பாகச் சொன்னதற்கு இந்தக் கேள்வி வந்ததும், தன் விசாவில் ஏதோ சிக்கல் என்று பயந்து, மறுநாள் பாஸ்போர்ட் காப்பியோடு வந்து நின்றான். பெயரே 'டேக் மாஸ்டர்' என்றாகிவிட்டது. செல்லத்துரை அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்: "ஏம்ப்பா, ஒரு வார்த்தைக்கே மனுஷன் ஒரு நோட்டு முடிச்சிட்டாரு. ரிட்டையர் ஆவுறதுக்குள்ள 'கிவ்'வுக்காச்சும் வந்து சேருவாரா?"

'டேக் ரெஸ்ட்' சீக்கிரம் பேனாவுக்கு வந்துவிட்டது. 'டேக் லீவ்' அதைவிடச் சீக்கிரம். கல்ஃபில் எல்லா நாட்டுக்காரனும் மூச்சுக்கு மூச்சு சொல்வது அதுதானே. 'டேக் ஃபுட்' என்று நானும் ஒரு மலையாளியும் சொன்னோம், ரெண்டு பேரும் ஒரே நாடு என்று ஒரே சாட்சியாகக் கணக்கு வைத்தார். மலையாளி ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மாஸ்டர் அசைந்துகொடுக்கவில்லை. 'அவசரப்படாதே, மெதுவாகச் செய்' என்பதற்கு 'டேக் யுவர் டைம்' என்று நான் சொல்லிக் கொடுத்தது மட்டும் மாதக்கணக்கில் பென்சிலிலேயே கிடந்தது. ஏனென்றால் அந்த சைட்டில் ஒரு ஈ காக்கைகூட அதைச் சொல்லாது. யெல்லா, ஜல்தி, குயிக், இவை மூன்றும்தான் அங்கே காற்றில் கலந்து கிடக்கும். "டீச்சர், இந்த வார்த்தை உண்மையிலேயே இருக்கிறதா?" என்று ஒருநாள் சந்தேகமாகவே கேட்டுவிட்டார். அப்புறம் கிளினிக்கில் ரத்தம் எடுக்கப் போனபோது பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி அதைச் சொன்னாளாம். ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும்போதே நோட்டில் எழுதினதாகச் சொன்னார்.

ஒரு லீவு நாளில் அவரை ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புஜைராவிலிருந்து பஸ்ஸில் ஷார்ஜா போய்ச் சேரவே ரெண்டு மணி நேரம். நான் மச்சினி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனேன், அவர் சாட்சி எடுக்க வந்தார். அவருக்கு அது திருவிழாதான். தெருவில் நுழைந்ததிலிருந்து "டேக் திஸ் ஒன் பாய், டேக் டூ, லாஸ்ட் பிரைஸ்" என்று நாலு பக்கமும் பொழிகிறது. பெஷாவர்க்காரர், டாக்காக்காரர், சிரியாக்காரர் என்று ஒரே சந்தில் மூன்று நாடு. ஒரு சாமான்கூட வாங்காமல், ஒவ்வொரு கடைக்காரரிடமும் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டு, தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். நான் பத்தடி தள்ளி, தெரியாத ஆள் மாதிரி நடந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வம்பை நானாக விலைக்கு வாங்கினேன். உங்கள் பாஷையில் டேக்குக்கு என்ன என்று கேட்டார். "எடு" என்றேன், அலட்சியமாக. எங்கள் பாஷை பழைய பாஷை, ஒன்றுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம் என்று ஒரு பிட்டும் போட்டேன். போட்டோவுக்கு? எடு. லீவுக்கு? எடு. காலையில் புடவை வாங்கினாயே? அதுவும் எடுத்ததுதான். பாடம் நடத்துவது? கிளாஸ் எடுக்கிறது. பரீட்சையில் மார்க்? எடுக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே வியர்க்க ஆரம்பித்தது. பின்சீட்டில் நம்ம ஊர்ப் பையன் ஒருவனுக்கு மலைப்பாதையில் குமட்டி, "அண்ணே, வாந்தி எடுக்கப்போறேன், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்தினான். மாஸ்டர் சட்டென்று திரும்பினார். அவன் என்ன எடுக்கப்போகிறான் என்று கேட்டார். சொன்னேன். அதை எங்கிருந்து எடுத்து எங்கே கொண்டுபோவான் என்று கேட்டார். அதற்கு மேல் 'பசி எடுக்கிறது' வேறு இருக்கிறது என்பதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இவ்வளவு கேலி செய்கிறேனே, அவர் என்னைக் கேலி செய்ததையும் சொல்லவேண்டும். அது கேலிதானா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் டூல்பாக்ஸ் டாக் முடிந்ததும் பக்கத்தில் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். வெள்ளைக்காரர் பேசினது எட்டு நிமிஷம். நீ தமிழில் பேசினது ரெண்டு நிமிஷம். தமிழ் அவ்வளவு சின்னதா? நான் கொஞ்சமும் யோசிக்காமல், தமிழ் ரொம்பச் செறிவான பாஷை மாஸ்டர், ரெண்டு வரியில் ஒரு புத்தகத்தையே சொல்லிவிடுவோம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

உண்மை என்னவென்றால் அந்த வெள்ளைக்காரர் பேசுவது எனக்குப் பாதிக்குப் பாதி புரியாது. இங்கிலாந்துக்கும் வடக்கே எங்கேயோ அவர் ஊர். சுடச்சுட வள்ளிக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். நல்ல மனுஷன், முகத்துக்கு நேரே சிரிப்பார், பேசி நிறுத்தி "ஓகே?" என்பார். நானும் "ஓகே சார்" என்பேன். முதல் வாரத்தில் தலையாட்டிவிட்டேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு புரியவில்லை என்பது? ஹெல்மெட், பெல்ட், கேஸ் என்று நாலு வார்த்தை காதில் விழும். மீதியை எனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்புவேன். கல்ஃபில் பாதி வேலை இப்படித்தான் ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ரெண்டாவது இண்டர்வியூவுக்கு இந்த வித்தையைத்தான் மாஸ்டருக்கும் சொல்லிக்கொடுத்தேன். இருபது கேள்விக்கு இருபது பதில் மனப்பாடம் செய்யவைத்தேன். கேள்வி புரியாவிட்டால் தலையை ஆட்டுங்கள், ஒரு பதிலை எடுத்து விடுங்கள் என்றேன். தலையை ஆட்டினால் எனக்குப் புரிந்ததாக அவர் நினைப்பாரே என்றார். அதுக்குத்தானே ஆட்டுறது என்றேன். ஆனால் எனக்குப் புரியவில்லையே என்றார். அரை மணி நேரம் இதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தோம். உள்ளே போனவர் முதல் ரெண்டு கேள்விக்கு நன்றாகவே சொன்னார். மூன்றாவது கேள்வி புரியவில்லை என்று சொன்னார். நாலாவதும், ஐந்தாவதும். பன்னிரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு தலையசைப்பில் பிழைப்பே நிற்கிறது, அதைச் செய்யமாட்டேன் என்கிற ஆளை என்ன சொல்வது? மூன்று நாள் நான் அவரிடம் பேசவில்லை. நான் பேசாமலிருப்பதற்குக் காரணம் புரியவில்லை என்று நாலாவது நாள் வந்து சொன்னார்.

மூன்றாவது தடவைக்கு எங்கள் மேனேஜரே பயந்துவிட்டார். நம் கம்பெனி ஆள் ஒருவர் கூட உட்காரலாம் என்று அனுமதி வாங்கி என்னை அனுப்பினார். புரியாத இடத்தில் நான் விளக்கலாம், பதிலை மட்டும் அவர் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. அன்று காலையில் மாஸ்டர் சட்டையை அயர்ன் செய்து போட்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கையில் நோட்டு இல்லை. டிக்கெட்டுக்கு ஆஃபீசில் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டார்கள் என்று வாசலில் வைத்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெள்ளைக்காரர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு சம்பவத்தை விவரித்தார். நீளமாக. நான் வழக்கம்போல இடையிடையே தலையாட்டிக்கொண்டிருந்தேன். கயிறு என்று ஒரு வார்த்தை விழுந்தது. தொட்டி என்று விழுந்தது. நடுவில் ஒரு டேக் போயிற்று. முடித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"சாரி சார். நாட் அண்டர்ஸ்டாண்ட். அகெய்ன், ப்ளீஸ்."

மறுபடி சொன்னார், அதே வேகத்தில். மாஸ்டர் மறுபடி அதையே சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லி, அதுவும் ஆனபிறகு, வெள்ளைக்காரர் பெருமூச்சு விட்டுப் பேனாவைக் கையில் எடுத்தார். தாளில் ஃபெயில் என்று குறிக்கிற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனா முனை நின்றது. என்னைப் பார்த்து, உனக்குத்தான் புரிந்துவிட்டதே, நீ அவருக்குச் சொல் என்றார்.

நான் மூன்று தடவை தலையாட்டியிருந்தேன். ரெண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். வழக்கம்போல நிரப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கயிறு, தொட்டி, ஏதாவது ஒரு கேள்வி தயார் செய்வது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் நான் கேட்கிற கேள்விக்கு அல்லவா இந்த மனுஷன் பதில் சொல்வார்? அது வேறு கேள்வியாக இருந்தால் அந்தப் பேனா இறங்கிவிடும். தெரியாது என்று சொன்னால் என் இங்கிலீஷ் பதவி அங்கேயே போயிற்று, வேலையும் போகலாம். மாஸ்டர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதைக் கேட்பதற்கு முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தார். டீச்சர் சொன்னால் தெரிந்துவிடும் என்கிற மாதிரி. எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது.

"சார், எனக்கும் புரியலை" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

வெள்ளைக்காரர் முகம் சிவந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்து, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, தொட்டி ஒன்று வரைந்தார். உள்ளே ஒரு ஆள். இடுப்பில் கயிறு. வெளியே கயிற்றைப் பிடித்து நிற்கிற ஆள். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மாஸ்டர் விடவில்லை. நீங்கள் சொன்ன அந்த டேக் எந்த டேக், கயிற்றைப் பிடித்துக்கொள்வதா, கழற்றி எடுப்பதா என்று குறுக்கே கேட்டுத் தெரிந்துகொண்டார். விஷயம் இதுதான்: உள்ளே இருக்கிறவன் மயங்கி விழுந்துவிட்டான், கயிறு சிக்கிக்கொண்டது, வெளியே நிற்கிறவன் அவனைத் தூக்க உள்ளே குதிக்கப்பார்க்கிறான், நீ சூப்பர்வைசர், முதலில் என்ன செய்வாய்?

மாஸ்டர் எழுந்து நின்றேவிட்டார். குதிக்கிறவனை முதலில் பிடிப்பேன் என்றார். ஒருத்தனும் உள்ளே போகக்கூடாது. காற்றுக் குழாய் மாட்டிய மீட்புக்குழு வருகிறவரை ஒருத்தனும். உள்ளே கிடப்பது சொந்தத் தம்பியாக இருந்தாலும். அவருடைய துண்டு துண்டான இங்கிலீஷில் இது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. வெள்ளைக்காரர் மேற்கொண்டு ஒன்பது கேள்வி கேட்டார், ஒன்பதையும் வரைந்து காட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அப்ரூவல் தாளில் கையெழுத்துப் போட்டு மாஸ்டரிடம் நீட்டினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், கட்டிப்பிடிக்காவிட்டாலும் கையையாவது குலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்காக மானத்தை விற்றுவிட்டு வந்திருக்கிறேன் இல்லையா? அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ரெண்டு தொட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் நிழல் இருந்தது, அங்கே நின்றார்.

"டீச்சர். தினமும் காலையில நாற்பது பேர். ரெண்டு வருஷம். நீ அவங்களுக்கு என்ன சொன்னே?"

ஹெல்மெட் போடச் சொன்னேன் என்றேன். பெல்ட் மாட்டச் சொன்னேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார், மூன்றோடு நின்றுவிட்டது. கயிறு என்று கேட்டார். சில நாள் சொல்லியிருப்பேன் என்றேன். உள்ளே ஒருத்தன் விழுந்தால் குதிக்கக்கூடாது என்று சொன்னாயா என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே மாஸ்டர் என்றேன். ஆமாம், ஆகவில்லை என்றார். அதற்கு மேல் திட்டவுமில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கேபினுக்கு நடந்து போனார். என் வேலை போகுமா என்கிற கவலைகூட அப்புறம்தான் வந்தது. செல்லத்துரை அண்ணன் கும்பல் அன்று ஏழாம் நம்பர் தொட்டிக்குள் இருந்தது. நாலு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாற்பது பேரும் நின்றார்கள். மாஸ்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் கைகட்டி நின்றார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து, கொஞ்சம் தயங்கிப் பேச ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை. கையைத் தூக்கி, இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்றேன். பின்னாலிருந்து யாரோ கிளுக்கென்று சிரித்தான். அடுத்த வரியில் மறுபடி கேட்டேன். இங்கிலீஷ்காரனுக்கு இன்னைக்கு என்னாச்சு என்று முணுமுணுத்தார்கள். ஆறு தடவை கேட்டேன். அவர் சொன்னதையெல்லாம், சொன்னபடியே, ஒன்றைக்கூட விடாமல் தமிழில் சொன்னேன், அப்புறம் இந்தியில் சொன்னேன். கேஸ் மீட்டரில் எந்த எண் வந்தால் ஏறி வந்துவிடவேண்டும், கயிற்றை ஒரு தடவை இழுத்தால் என்ன, ரெண்டு தடவை இழுத்தால் என்ன, கூட இருக்கிறவன் விழுந்தால் ஏன் தொடக்கூடாது. முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கையெழுத்துத் தாளை நீட்டினேன்.

செல்லத்துரை அண்ணன் பேனாவை வாங்கினார், ஆனால் போடவில்லை. தாளைப் பார்த்தார், வெள்ளைக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா," என்றார், "இதையெல்லாமா அந்தாளு தினமும் சொல்லிக்கிட்டு இருந்தாரு?"

"ஆமாண்ணே" என்றேன்.